பிரிக்காத தாள்கள்

“ஐயா, ஏன் கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி புத்தகத்தைப் பாக்குறீக?” என்று வண்டிக்காரர் பிச்சைமணியை அவர் மகள் கேட்டாள். தெருவில் போன நூலகர் நல்லகண்ணு, வாசிக்கத் தெரியாத மனிதர் பாவனை பண்ணுகிறார் என்று சிரித்துக்கொண்டார்.

யுத்தத்துக்கு முந்தின காலம் அது. சுருளிப்பட்டி வாசகசாலைக்குப் பன்னிரண்டு புதுப் புத்தகங்கள் வந்திருந்தன. அப்போதெல்லாம் புதுப் புத்தகத்தின் தாள்கள் ஓரத்தில் மடிந்து ஒட்டியே இருக்கும். வாசிக்கிறவர்தான் கத்தியால் வெட்டிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

எட்டாம் நாள் பிச்சைமணி திருப்பித் தந்த புத்தகத்தில் ஒரு தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

“வாசிக்காமலா இத்தனை நாள் வச்சிருந்தீக?” நல்லகண்ணு எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். “நாலு பேரு இதுக்காகக் காத்துக்கிடக்காக. இனிமே உங்களுக்குப் புத்தகம் கிடையாது.”

“வாசிச்சேன் தம்பி.”

“அப்ப, கதை நடுவுல வர்ற கப்பல் என்னாச்சு?”

“முழுகிருச்சு. சமையக்காரன் மட்டும் கரையேறுனான். கடல் தண்ணியக் குடிச்சவனுக்கு அதுக்கப்புறம் சோத்துல உப்பே ஆகலை.”

பத்திரிகையில் தொடராக வந்தபோது நல்லகண்ணு வாசித்திருந்த கதையும் அப்படித்தான். அவர் திகைத்தார். “பின்னே ஏன் வெட்டலை?”

“தாளைக் கிழிக்கிறவுக பேரை அடிச்சிருவோம்னு நீங்கதானே பலகையில எழுதிப் போட்டிருக்கீக. அதான் மடிப்பைத் தூக்கித் தூக்கிப் பாத்தே வாசிச்சேன்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிச்சைமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

உச்சிவேளையில் வாசகசாலையைச் சாத்திக்கொண்டு, நல்லகண்ணு தானும் அப்படி வாசித்துப் பார்த்தார். நாலு பக்கத்திலேயே கழுத்து வலித்தது. அந்த மனிதர் இருநூறு பக்கம் வாசித்திருக்கிறார். நல்லகண்ணு முருகனை நினைத்துக்கொண்டு இன்னொரு புதுப் புத்தகத்தை எடுத்தார். அதைப் பிச்சைமணி பெயரில் பதிந்து, கடைசித் தாள்வரை தன் கையாலேயே வெட்டிப் பிரித்தார்.

ஊரே வயலுக்குப் போயிருந்தது. பிச்சைமணி வீட்டு வாசல் மாடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு, கூப்பிடாமலேயே திரும்பி நடந்தார்.