வேலியோர மூங்கில்

வசந்தத்தில் சகுரா மரங்கள் மொட்டுவிட்டதும் கொல்லையில் சருகு கூட்டப் போன தோகிகோவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மறுபடியும் மூங்கில் குருத்து!

“ஏங்க ஓனுமா! உங்க தோப்பு மூங்கிலுக்கு என் வீடுதான் கிடைச்சுதா? வருஷா வருஷம் இதே ரோதனை!”

“மன்னிச்சுக்கங்கம்மா.” பக்கத்து வீட்டு ஓனுமா வேலியோரம் குனிந்து வணங்கினார்.

“நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!”

குருத்துகளைத் தோண்டி வழக்கம்போல அவர் பக்கம் வீசினாள். இந்தத் தடவை வேரையே ஒழித்துவிடுவது என்று மண்வெட்டியோடு அதைத் தொடர்ந்து வெட்டிக்கொண்டே போனாள். வேர் வேலிப் பக்கமே போகவில்லை. அவள் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால், அவள் கணவர் அழகுக்கு நட்ட மூங்கில் புதரில் போய் முடிந்தது.

தோகிகோவின் முகம் தொங்கிப்போனது. “உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்மா.”

“பின்னே ஏன் இத்தனை வருஷமா திட்டு வாங்குனீங்க?”

ஓனுமா வீட்டு அடுப்பில், அவள் வீசிய குருத்துகளை நறுக்கிப் போட்ட சோறு அதற்குள் வெந்து மணத்தது.

“சொல்லியிருந்தா எல்லாத்தையும் நீங்களே சமைச்சுச் சாப்பிட்டிருப்பீங்களேம்மா!”