புளி போட்டு விளக்கிய சைலன்சர்

"எவர்சில்வர்னா துருவே பிடிக்காதுன்னியே பெனிட்டா, இந்தா பாரு, பழுத்துப்போயி கெடக்கு!" செக்காலையில் உள்ள தன் வீட்டு வாசலில் நிற்கும் வாடகைக்கு ஓட்டும் அம்பாசடர் காருக்குப் பின்னால் குனிந்திருக்கிறான் அந்தோணி பிரபு. மனைவி பேச்சை நம்பித்தான் பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினான். பெனிட்டா பித்தளைக் குடம் விளக்குகிற புளியை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து தேய்க்கிறாள். துரு தின்ற ஓட்டை ஏதும் விரலில் தட்டுப்படுமோ என்று தடவித் தடவிப் பார்க்கிறாள். பழுப்புத் தண்ணீர் முழங்கை வழியே வடிகிறது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதும் காலை வெயில் குழாயில் பட்டு அவள் முகத்துக்கே திரும்புகிறது. வெறும் மேல்துருதான், அடியில் அரிப்பே இல்லை. அவள் குழாயை விரலால் சுண்டிக் காட்டுகிறாள். அவன் மீசைக்குள் சிரித்தபடி டயரைத் தட்டிப் பார்க்கிறான்.

"அங்குட்டு என்னத்தப் பாக்குறீக? நாஞ் சொன்னது சரிதான்னு ஒருக்கா வாய்விட்டுச் சொல்லுங்களேன்."