வெட்டியெடுத்த இருமல்

காதுக்குள் அவன் இருமினான்.

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. செல்வின் போய் இரண்டு வருடம் ஆகிறது.

மறுபடி மாட்டிக்கொண்டாள்.

சுவர்க்கோழி பாடுகிறது. மூன்று முறை சிறகை உரசுகிறது. உடனே இருமல். நெஞ்சின் அடியிலிருந்து வரும் ஈர இருமல். அப்புறம் அவன் குரல், அந்தப் பூச்சியிடம்.

"நீ பாடுடே. ரூத்துகிட்ட மட்டும் சொல்லிராத."

ரூத் அவள்தான்.

பதிவின் தேதி மார்ச் ஒன்பது. தனக்கு என்ன வியாதி என்று அவன் அவளிடம் சொன்னது அந்த வருடம் நவம்பரில். ஒரு ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வெளியே பட்டப்பகல். ஆய்வறைக்குள் இருட்டு, ஒரு சிவப்பு விளக்கு. இருட்டில்தான் இந்தப் பூச்சிகள் பாடும் என்று பகலை இரவாக்கி வைத்தார்கள், புருஷனும் பெண்டாட்டியுமாக.

பாடுவது ஆண் மட்டும். பெண்ணுக்குப் பாட்டு கிடையாது. பிடித்த பாட்டின் பக்கம் நடக்கும், பிடிக்காவிட்டால் நடக்காது. அவ்வளவுதான் அதன் பேச்சு. ஆனால் அடுத்த தலைமுறை எதைப் பாடும் என்று தீர்மானிப்பது அந்த நடைதான்.

வளரும்போது காதில் விழுந்த பாட்டையே பெண் பின்னால் தேடுமா? இதுதான் அவர்கள் ஆராய்ச்சி. செல்வின் பதிவு செய்த ஒரே பாட்டைக் குஞ்சுகளுக்குப் போட்டார்கள். பன்னிரண்டு தலைமுறை. அவன் போன பிறகும் அவள் போட்டாள்.

இப்போது பெட்டிகளில் இருக்கும் ஆண்கள் மூன்று முறை உரசிவிட்டுச் சற்று நிறுத்துகின்றன. வெளியில் எந்தச் சுவர்க்கோழியும் அப்படி நிறுத்துவதில்லை. அவள் அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்தவர்கள் இதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"செல்வினோட ஒரிஜினலைத் தேடிப் பாரும்மா" என்றார் பேராசிரியர்.

தேடினாள். கிடைத்துவிட்டது.

இருமலை வெட்டி எடுத்திருக்கிறான். மறுபடி பதிவு செய்யப் பொறுமை இல்லை, அல்லது மூச்சு இல்லை. வெட்டிய இடத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டான். அந்த வெறுமையைத்தான் இவை இத்தனை தலைமுறையாகப் பாடுகின்றன. சொல்லாதே என்றான். இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டே எட்டு மாதம் ஏமாற்றியிருக்கிறான், படுபாவி.

சும்மா இருக்க முடியவில்லை. சோதனை மேடையின் இடது ஸ்பீக்கரில் வெட்டிய பாட்டைப் போட்டாள். வலது ஸ்பீக்கரில் வெட்டாதது. நடுவில் ஒரு பெண்ணை விட்டாள்.

அது மீசையை அசைத்தது. வலது பக்கம் இருமல் வந்தது.

இடது பக்கம் நடந்துவிட்டது.

இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதும். பத்தாவது வலது பக்கம் பாதி தூரம் போய், இருமல் கேட்டதும் திரும்பி ஓடியது.

"நில்லுட்டி" என்றாள். தன் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

இருபதை விட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட இருமலிடம் போகவில்லை.

முடிவை எழுதப் பேனாவை எடுத்தாள். தேதியை எழுதியதோடு நின்றுவிட்டாள்.

மார்ச்சுக்கு முன்னால் பிப்ரவரி என்று ஒன்று இருந்தது.

அந்த மாதம் அவன் கைக்குட்டைகளை மட்டும் தனியாகப் பிரித்துப் போட்டது அவள்தான். ஒரு நாள் அவள் துவைக்கும்போது குளியலறை வாசலில் வந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

அவன் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது என்று, பச்சைத் தண்ணீரில்தான் ஊறவைத்தாள்.