ராயபுரத்தில் விழுந்த குண்டு

"நேத்தி ராயபுரத்துல ரெண்டு குண்டு போட்டுட்டான்மா ஜப்பான்காரன்." மணவாளன் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு படித்தார்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சாராள் நிமிரவில்லை. "ஆளுங்க யாருனா பூட்டாங்களா நைனா?"

"ஆளுக்கு ஒண்ணியும் ஆவல. சின்ன குண்டுதான். அதான் அம்பத்தூர் வரிக்கும் சத்தம் கேக்கல."

சித்திரை மாதம் பட்டணத்து சனம் குண்டுக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு ரயிலேறி ஓடிவந்தபோது, ராயபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு, நாலு வயது மகள் ஞானகுமாரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்பத்தூரில் இறங்கியவள் சாராள். புருஷன் பிரகாசத்துக்கு ரங்கூனில் மரவாடியில் வேலை. அங்கே ஜப்பான்காரன் புகுந்ததிலிருந்து கடிதம் இல்லை. "எல்லாரோடயும் காட்டு வழியா நடந்து வந்துகினு கீறாரு" என்பாள், கேட்டவர்களிடமெல்லாம்.

முன்பின் தெரியாதவளுக்கு மணவாளன் தம் வீட்டில் தோட்டத்துப் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார். முதல் நாள் பேப்பரை அவளிடம் நீட்டியபோது, "நீங்களே படிங்க நைனா" என்றாள். சரி, எழுத்து வாசனை இல்லாத பெண் என்று முடிவு கட்டிக்கொண்டார். சாயங்காலம் மடியில் வேதப் புத்தகத்தை விரித்துக்கொண்டு அவள் ஜெபம் பண்ணுவதைப் பார்க்க அவருக்கு நிம்மதியாக இருக்கும்.

பெண்டாட்டி போன பிறகு ஆறு வருஷமாக, உடம்பைக் கெடுத்துக்கொள்வதற்கென்றே உயிரோடு இருந்தவர் மணவாளன். பசித்தால் பழையது, பசிக்காவிட்டால் மூக்குப்பொடி, பொழுது சாய்ந்தால் கள்ளுக்கடை. படுத்தால் தூக்கம் வராது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

வைத்தியர் நாகேந்திரன் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உனுக்கு மருந்து கெடையாதுய்யா. வேளைக்குத் துன்னு. யாராண்டனா நாலு வார்த்த பேசு." யாரிடம் பேசுவது? வீட்டில் இருந்தது அவரும் ஓர் எருமையும்தான்.

சாராள் வந்தபின் மூன்று வேளையும் சோறு தயாராக இருந்தது. குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு "தாத்தா நாத்தம்!" என்ற அன்றோடு கள் நின்றது. ராத்திரி படுத்தால் காலையில்தான் கண் விழித்தார். நெஞ்சும் ஒழுங்காக அடித்தது.

ஆகவே, 'நிலைமை சீராகிவிட்டது, ஜனங்கள் பட்டணத்துக்குத் திரும்பலாம்' என்று பேப்பரில் வந்த அன்று மணவாளன் அதைப் படிக்கவில்லை. வாய்க்கு வந்ததைப் படித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்தான். பழகியபின் நன்றாகவே வந்தது. மூன்று மாதத்தில் பட்டணத்தில் பாதியைத் தரைமட்டமாக்கிவிட்டார்.

ஆனால் அவர் தேறத் தேற, அவள் வாடினாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பிசைந்த சோறு பிசைந்தபடி கிடந்தது. விடியற்காலையில் பார்த்தால் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருப்பாள். இங்கத்து விலாசத்தைத் தபாலாபீசில் எழுதிக் கொடுத்தால் ராயபுரத்துக் கடிதமெல்லாம் இங்கேயே வந்துவிடும், மனசுக்கு ஆறுதலாக இருக்குமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அதெல்லாம் வேணா நைனா" என்று அவசரமாக எழுந்து போய்விட்டாள்.

ராயபுரத்தில் ரெண்டு குண்டு போட்ட அன்று மத்தியானம், அவளைப் பார்க்க வைத்தியரையே வீட்டுக்குக் கூட்டி வந்தார். வைத்தியர் வாசலில் வைத்து ரகசியமாகச் சொன்னார். "நோவுனு ஒண்ணியும் இல்ல. உள்ளுக்குள்ள இன்னாத்துக்கோ பயந்துகினு கீது. அது போவாம சோறு ஒட்டாது."

மணவாளனுக்குச் சுருக்கென்றது. தாம் போட்ட அத்தனை குண்டும் இந்தப் பெண்ணின் மேல்தானே விழுந்திருக்கிறது!

மறுநாள் காலையில் பேப்பரைப் பிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அடுத்த ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள். அப்புறம் பழையபடி அவரும் எருமையும்தான். நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு படபடத்தது. இருந்தாலும் சொன்னார்.

"சாராளு, குண்டெல்லாம் பொய்மா. எவனும் எத்தியும் போடல. ஊருக்குத் திரும்பலாம்னு எப்பவோ பேப்பர்ல வந்துச்சி. நீ பூட்டா நான் ஒண்டியாப் பூடுவேன்னு நானேதான் கட்டிவுட்டுகினு இருந்தேன். பயந்துகினு கெடக்காதம்மா. பொட்டிய கட்டு."

சாராள் முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும் நைனா."

"இன்னாது?"

"நீங்க கழனிக்குப் போனப்புறம் பேப்பர எடுத்து நானும் படிப்பேன்."

"அப்ப… இன்னாத்துக்கு இப்பிடி உருகிப் போற? ஏன் இன்னும் ஊட்டுக்குப் போவல?"

அவள் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ராயபுரத்து ஊட்டத் தொறந்தா தபால்காரன் வருவான் நைனா. அவரு கூட வேல செஞ்சவங்க ஊட்டுக்கெல்லாம் சாவு சேதியோட வந்துட்டான். நான் இங்க கீற வரிக்கும் அவரு நடந்து வந்துகினே கீறாரு."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிரிக்காமல் கிடந்த பேப்பரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இன்னிக்கும் ஒரு குண்டு போடுங்க நைனா."