ஆமைக்குக் குளிருதாம்

"காலைத் தொட்டுப் பார். சில்லெண்டு இருக்குதோ?"

தர்ஷனா கைபேசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தொட்டுப் பார்த்தாள். "இல்லை."

"மற்றக் கால்?"

"அதுவும் இல்லை."

"பின்னங்கால் ரெண்டும்?"

வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்த அக்கா அருள்மலர் சத்தமாகவே சிரித்தாள். மூன்று வீடு தள்ளி இருப்பவள், இந்தக் கூத்தைப் பார்ப்பதற்கென்றே மழைக்குள் வந்திருந்தாள்.

"நாலு காலும் நல்ல சுகமா இருக்கெண்டு சொல்லடி. பிள்ளைப்பெத்தவளை விசாரிக்கிற மாதிரியெல்லோ உன்ர மனுசன் விசாரிக்கிறார்!"

பிஸ்கட் பெட்டிக்குள் சாக்கின்மேல் கிடந்த ஆமை கண்ணைத் திறக்கவில்லை. அதன் தலைக்கு மேல் நாற்பது வாட் பல்ப் ஒன்று எரிந்தது.

தர்ஷனாவின் புருசன் றொமேஷ் முன்பு துறைமுகப் பக்கத்தில் வள்ளங்களுக்குப் பைபர் ஒட்டுகிற வேலை செய்தவன். தம்பலகாமத்துப் பாதையில் உழவு மெசின் ஏறி ஓடு வெடித்துக் கிடந்த இந்த ஆமையைத் தூக்கிவந்து, வள்ளத்துக்கு ஒட்டுகிற அதே பைபரை ஒட்டிப் பிழைக்க வைத்தான். பாலையூற்று ஊரே பார்த்துச் சிரித்தது.

ஆமைக்குக் கிடைத்த மரியாதை பெண்சாதிக்குக் கிடைக்கவில்லை. ருமேனியாவில் வேலைக்கு எழுதிப்போட்டதையும், கொழும்புக்கு இரண்டு தரம் போய் வந்ததையும், விமான ரிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் அவளிடம் சொன்னான். "முதலே சொன்னால் நீ மறிப்பாய்" என்றான்.

அவன் போன அன்று தர்ஷனா வாசலுக்கும் வரவில்லை. அங்கிருந்து அவனுடைய அழைப்புகள் வந்தபோதெல்லாம் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமைத்தாள். சொல்லாமல் போனவனுக்குக் கொஞ்சம் உறைக்கட்டும்.

அவனுக்கு எங்கே உறைத்தது? மாரி தொடங்கியதும் ஆமைக் கதை தொடங்கியது. ஆமைக்குக் குளிரும், கவனிக்காவிட்டால் செத்துப்போகும் என்று ஒரு செய்தி அனுப்பினான். அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்று தர்ஷனா அன்றைக்குப் போனை எடுத்தாள். அதிலிருந்து தினமும் பின்னேரம் ஏழு மணிக்கு ஆமை விசாரணைதான்.

"பெட்டி சீமெந்துத் தரையில முட்டேல்லைத்தானே?" என்று இப்போது கேட்டான்.

"பலகை வச்சிருக்கு."

"கரண்ட் போனால் சுடுதண்ணிப் போத்தலைத் துணியில சுத்தி வை. குச்சவெளியில மாடுகள் விறைச்சுச் செத்ததாம், பேஸ்புக்கில பாத்தனான்."

"ஓம்" என்று சொல்ல வாயெடுத்த தர்ஷனாவுக்கு இருமல் வந்துவிட்டது. மூன்று நாளாக நெஞ்சுச்சளி. குனிந்து இருமி முடிக்க நேரமெடுத்தது.

இருமல் அடங்கும்வரை றொமேஷ் காத்திருந்தான். பிறகு, "பெட்டியை எங்க வச்சிருக்கிறாய்?" என்றான்.

"விறாந்தையில."

"உன்ர அறைக்குள்ள வை. யன்னலை இறுக்கிச் சாத்து. ஆமைக்குக் காத்துப் படக்கூடாது."

அதோடு தொடர்பு அறுந்தது. மழை நாட்களில் அப்படித்தான்.

அருள்மலர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கேட்டியோ? ஒரு மனுசி நெஞ்சு வெடிக்க இருமுறாள். என்னம்மா செய்யுது எண்டு ஒரு சொல்லு? ஆமைக்குக் காத்துப் படக்கூடாதாம்!"

தர்ஷனா பெட்டியைப் பார்த்தாள். கூரை ஒழுகி அவளுடைய கட்டில் நனைந்திருந்தது. நேற்றிரவு கரண்ட் போனபோது நித்திரை முழித்து மூன்று தரம் தண்ணீர் சுடவைத்தாள். தனக்கு ஒரு கோப்பை பிளேன்ரீ போடத் தோன்றவில்லை. இந்த ஆமை மூஞ்சிக்கு அந்தச் சேவகம்! தன்னை நினைக்கத் தனக்கே வெட்கமாக இருந்தது.

"இதை லெஸ்லியிட்டைக் குடுத்துவிடு" என்றாள் அருள்மலர். லெஸ்லி, றொமேஷோடு வள்ள வேலை செய்தவன். "அவனும் உன்ர மனுசனும் ஆமையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கட்டும். உனக்கென்ன தலையெழுத்து?"

கைபேசி மறுபடி அடித்தது. தர்ஷனா எடுத்தாள். திரையில் றொமேஷ் தொப்பி போட்டுக்கொண்டு எங்கோ ஒரு மதிலோரம் நின்றான். பின்னால் பனி விழுந்துகொண்டிருந்தது. மூக்குச் சிவந்திருந்தது.

"லைன் கட்டாயிட்டுது. யன்னலைச் சாத்தினியோ?"

"நாளைக்கு லெஸ்லி வந்து ஆமையைக் கொண்டுபோவான்" என்றாள் அவள். "இனி அவனுக்குப் போன் எடுத்து எத்தினை கால், எத்தினை கை எண்டு கேளுங்கோ."

அவன் முகம் மாறியது. "வேண்டாம் தர்ஷனா. அங்க குடுக்காதை."

"ஏன்? லெஸ்லி நல்லாப் பாப்பான். உங்களுக்கு ஆமை சுகமா இருந்தால் காணும்தானே?"

"குடுக்காதை. அது உன்னோடயே இருக்கட்டும்."

"நான் என்ன ஆமைக்கு ஆயாவோ?" அவளுடைய குரல் உடைந்து உயர்ந்தது. அருள்மலர் நன்றாகக் கேள் என்பதுபோல் தலையை ஆட்டினாள். "கட்டில் நனையுது. நெஞ்சு நோகுது. ஒருநாள், ஒரேயொரு நாள், நான் இருக்கிறனோ செத்தனோ எண்டு கேட்டனீங்களோ? எப்ப பாத்தாலும் ஆமை, ஆமை, ஆமை! அதைத் தவிர உங்களுக்கு வேற கதையே இல்லையோ?"

றொமேஷ் கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கை முகத்திலேயே நின்றுவிட்டது. லைன் மறுபடி அறுந்துவிட்டதோ என்று தர்ஷனா திரையைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ஆமையைக் கேட்டால்தானே நீ போனை எடுக்கிறாய்."