பிரிக்காத தாள்கள்

கல்லூரியில் பாதியோடு கைவிட்ட பிரெஞ்சு நாவலைச் சத்தியநாதன் வாத்தியார் தலை நரைத்தபின், யுத்தம் முடிந்த வருஷம், மறுபடி எடுத்தார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்களில் தாள்கள் ஓரம் வெட்டாமல் மடிப்பு மடிப்பாகவே வரும்; கத்தியால் பிரித்துத்தான் படிக்க வேண்டும். காசநோயில் கிடந்த மனைவி யூனிஸுக்குத் தினம் ஒரு மடிப்பைப் பிரித்துத் தமிழில் சொல்வார். கதை முடியும்வரை அவள் இருப்பாள் என்று நம்பியதால், மெதுவாகவே பிரித்தார்.

அன்று திருத்தணி மலையில் சாயங்கால மணி ஓயும்போது வீடு திரும்பினார். புத்தகம் கடைசித் தாள்வரை பிரிந்திருந்தது. கத்தி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. அவள் கையைத் தூக்கியே பல நாளாயிற்று.

"யார் வந்தாங்க, யூனிஸ்?"

"யாரும் வரலீங்க. நான்தான் படிச்சிகினு இருந்தேன்."

"உனக்குப் பிரெஞ்சு தெரியாதே."

"ஆங், உங்களுக்கு மட்டும் புரிஞ்சுதாக்கும்?" அவள் இருமாமல் சிரித்தாள். "நான் முடிச்சிட்டேங்க. மிச்சத்த நீங்க தனியாத்தான் படிக்கணும்."