வாடை வந்த வழி

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணிருங்க டீச்சர்" என்று கோமதிசங்கர் கைகூப்பிச் சொன்னார். குடியிருப்பவரை விரட்டும்போதுகூட மரியாதை குறையாத மனிதர். அப்போதுதான் காலைத் தியானம் முடித்து மொட்டைமாடியிலிருந்து இறங்கியிருந்தார், நெற்றி நிறையத் திருநீறு.

பக்கத்தில் அவர் மனைவி உலகம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர்களுடைய மாடி வீட்டுக் கூடத்தில், கூரையில் பதித்த ஏ.சி. சல்லடை வழியாகக் குளிர்ந்த காற்று இறங்கிக்கொண்டிருந்தது. கூடவே கருவாட்டு வாடையும்.

பாளையங்கோட்டையில் சைவத்துக்குச் சிலை வைப்பதென்றால் கோமதிசங்கருக்குத்தான் வைக்க வேண்டும். சுடலைமாடசாமியே நேரில் வந்து வாடகைக்குக் கேட்டாலும், கறிப் படையலை வெளியே முடித்துக்கொள்ளச் சொல்லித்தான் சாவியைக் கொடுப்பார். கீழ்வீட்டுக் கெசியா டீச்சரிடமும் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் குடிவைத்தார்.

டீச்சருக்குக் கண் கலங்கியது. மகளுக்குத் திங்கட்கிழமை பிளஸ் டூ பரீட்சை. இந்த நேரத்தில் சட்டி பானையோடு வீடு தேடி அலைந்தால் பிள்ளை என்னத்தை எழுதும்?

"அண்ணாச்சி, இது லெந்து காலம். ஈஸ்டர் வரைக்கும் எங்க வீட்ல மீனு, கறி எதுவும் கெடையாது. நேத்து கீரைத்தண்டு, இன்னைக்குப் பயத்தங்காய்."

"பயத்தங்காய்தான் இந்த மணம் மணக்கோ?" என்றாள் உலகம்மாள். "பத்து நாளாப் பாக்கேன். தெனமும் காலைல ஏழு மணி. இவுக தியானத்துக்குப் போற நேரமாப் பாத்துல்லா வறுக்கிய!"

அந்த நேரத்தில் ஏணியோடு வந்து சேர்ந்தார் ஏ.சி. மெக்கானிக் அசன் மைதீன். உலகம்மாள்தான் வரச் சொல்லியிருந்தாள்.

"எதுக்குளா வீண் வேலை? டீச்சர்தான் காலி பண்ணப் போறாகள்லா" என்றார் கோமதிசங்கர்.

"அதுவரைக்கும் நான் மூச்சு விட வேண்டாமா? கீழ இருந்து வாடை ஏறுத ஓட்டைய அடைங்க பாய். காப்பி குடிக்கியளா?"

"நோம்பு, மதினி" என்றார் அசன் மைதீன். ஆக, அந்த வீட்டில் அன்று அசைவத்தை நினைத்துக்கூடப் பார்க்காதவர்களுக்குக் குறைவில்லை.

ஏணியில் ஏறிக் கூரைப் பலகையை விலக்கினார். மிஷினை ஓடவிட்டு, தகரக் குழாயின் ஒவ்வோர் இணைப்பிலும் ஊதுபத்தியைக் காட்டினார். புகை உள்ளே போனால் அங்கே ஓட்டை. கீழ்வீட்டிலிருந்து வரும் குழாய்ப் பக்கம் புகை அசையாமல் நின்றது.

"கீழ ஒரு குத்தமும் இல்ல, மதினி. அங்கன இருந்து ஒரு பொட்டுக் காத்துகூட வரல."

கெசியா டீச்சருக்கு மூச்சு வந்தது. உலகம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அப்பம் எங்கன இருந்து வருது?"

"இது காத்தை உறிஞ்சுத குழாய். எங்கன ஓட்டையோ, அங்கன உள்ள வாடைய இழுத்து வீடு முழுக்க ஊதிரும். மொட்டைமாடி அறை வழியாத்தான் மிஷினுக்குப் போவுது. அங்கன பாக்கணும்."

"அது தியான அறை வே! உள்ள ஒருத்தரும் போவக்கூடாது" என்று கோமதிசங்கர் பதறினார்.

"ஆறு வருசமா நானே எட்டிப் பாத்ததில்ல பாய். அம்புட்டுச் சுத்தம்" என்றாள் உலகம்மாள் பெருமையாக. பிறகு அவளே தீர்ப்பும் சொன்னாள். "பாய் கைகால் கழுவிட்டுப் போவட்டும். நீங்களும் கூடப் போங்க."

இருவரும் மேலே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. டேப் கிழியும் சத்தம் கேட்டது, பிறகு வெகுநேரம் தணிந்த பேச்சு. கீழே கெசியா டீச்சர் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்தபோது கோமதிசங்கரின் திருநீறு வேர்வையில் கரைந்திருந்தது. "எலி கடிச்சு ஓட்டை போட்டிருக்கு" என்றார்.

"தியான அறைல எலிக்கு என்ன சோலி?" என்றாள் உலகம்மாள்.

"அதுவும் சாமி கும்பிட வந்திருக்கும். தெருவுல எவன் வீட்டு வாடையவோ அந்த ஓட்டை இழுத்திருக்கு. நாமதான் டீச்சரைச் சந்தேகப்பட்டுட்டோம்." டீச்சர் பக்கம் திரும்பி மறுபடியும் கைகூப்பினார். "நீங்க எங்கனயும் போவ வேண்டாம் டீச்சர். பரீட்சை முடியட்டும், பிள்ளைக்குக் காலேஜும் முடியட்டும், இங்கனயே இருங்க."

டீச்சர் அழுதேவிட்டார். கோமதிசங்கர் தான் சொன்னதை வாபஸ் வாங்கி அந்தத் தெரு பார்த்ததே இல்லை. தியானம் அவரை எப்படிக் கனிய வைத்திருக்கிறது என்று உலகம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அசன் மைதீனை வழியனுப்பக் கோமதிசங்கரே கேட் வரை வந்தார். மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவர் காதோரம் குனிந்து பைய சொன்னார்:

"நோம்பு தொறக்கதுக்கு நாலு துண்டு கருவாடு பொரிச்சுத் தாரேன் வே, அவகிட்ட மட்டும் சொல்லிராதீரும்."